மாரியில் கோழிக்கூட்டுச் சேறு

மாரி தொடங்கி மூன்றாம் கிழமை எங்கள் கோழிக்கூட்டைப் பார்த்தால் உழுதுவிட்ட வயல் மாதிரி இருக்கும். இலங்கையில் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்து மண் அப்படி. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல் தரை, பெய்த மழையை நின்ற நிலையில் குடித்துவிடும். எங்களுடையது களி. நெல்லுக்குப் பொன், கோழிக்குப் பொல்லாப்பு. திருகோணமலையில் வருசம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். 18 ஊர்க்கோழிகள் அந்த மூன்று மாதத்தையும் 8 அடிக்கு 6 அடிக் கூட்டிலும் அதன் முன்னால் இருக்கிற வலை அடைப்பிலும் கழிக்க வேணும்.

முதல் வருசம் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியதே, அதற்கு அடுத்த நாட்களில் கூடு முழுக்கச் சேறு. நான் கிணற்று மோட்டரைப் போட்டு, குழாயைப் பிடித்து, தரையைப் பளிச்சென்று கழுவினேன். மாமி விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தா. "புள்ள, தண்ணியால வந்த சேத்த தண்ணி ஊத்தியா கழுவுறாய்?" என்றா. எனக்குக் கோபம். பத்து நாளுக்குள் குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கின. எச்சத்தில் இரத்தம். ஏழு குஞ்சு செத்தன.

மிருக வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வரும். வந்தவுடன் அது ஒன்றும் செய்யாது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றுகிற பக்குவத்துக்கு வந்துவிடும். எங்கள் மாரியில் இரண்டும் தாராளம். கிளோரின் தண்ணீருக்கும் அது சாகாது. ஆகவே தரையைக் காயவைப்பதுதான் மருந்து. நான் செய்தது நேர்மாறு.

இப்போது செய்கிற விதம் இது.

மண்வெட்டியைத் தொடமுன்னம் மழை பெய்யும்போது குடையோடு போய்க் கூட்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிசம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பாதித் தண்ணீர் கூட்டின் தகரத்திலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. 8க்கு 6 அடித் தகரத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 445 லீற்றர், இரண்டு பெரிய பரலுக்கு மேல். அவ்வளவும் வாசலடியிலேயே கொட்டினால் சேறாகாமல் என்ன செய்யும்? பிவிசி குழாயை நீளப்பாட்டில் இரண்டாகக் கீறி, கட்டுக்கம்பியால் தகர விளிம்பில் தொங்கவிட்டு அதைப் பீலியாக்கினோம். மேட்டுப் பக்கம் ஒரு சாண் ஆழத்தில் கான் வெட்டி, ஓடிவரும் தண்ணீரை வாழையடிக்குத் திருப்பினோம். இந்த இரண்டும் செய்யாமல் சேறு அள்ளினால் அடுத்த கிழமையும் அள்ளுவீர்கள்.

அள்ளுவதற்கு மழை வெளித்த நாளின் காலையைத் தெரிந்தெடுங்கள். ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் கோழிகள் அடைய வருமுன்னம் தரைக்குக் காற்றுப் படும். பின்னேரம் தொடங்குவது வீண்.

கோழிகளை வெளியே எடுக்கும்போது ஒவ்வொன்றின் காலையும் பாருங்கள். இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. களியும் எச்சமும் சேர்ந்து நகத்தைச் சுற்றி உருண்டையாக இறுகிப்போயிருக்கும், புளியங்கொட்டை அளவில், கல் மாதிரி. இழுத்தால் நகமும் சேர்ந்து வந்துவிடும், இரத்தம் நிற்காது. வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, கோழியைக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு கால்களை ஐந்து நிமிசம் ஊறவிடுங்கள். சூடு ஏறியதும் கோழி கண்ணைச் சொருகிக்கொண்டு சும்மா கிடக்கும். உருண்டை விரலால் நசுக்கத் தானாக உதிரும். பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் அது உள்ளே சீழ் கட்டிய புண். அந்தக் கோழியைக் காய்ந்த இடத்தில் தனியாக விட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், நீங்களே பிளேட்டால் கீறாதீர்கள்.

நீங்கள் கம்பூட்ஸ் போடுங்கள், வாய் மூக்கைத் துணியால் கட்டுங்கள். காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம், வேறு ஆளைப் பிடியுங்கள். தீனிக்கு எலி வரும், எலி மூத்திரம் சேற்றில் கலக்கும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஒட்டுகிறது. வயலுக்கு இறங்கும்போது இருக்கிற பயம் கோழிக்கூட்டிலும் இருக்க வேணும்.

தட்டைச் சவளால் மேல்சேற்றை வழியுங்கள். எங்கள் மண்ணில் இரண்டு, மூன்று அங்குலம் வழித்தால் கெட்டித் தரை தட்டுப்படும். அதற்குக் கீழே தோண்டினால் குளம் வெட்டினதாகிவிடும். கோழி அடைகிற தடியையும் முட்டைப் பெட்டியையும் சுரண்டி, துணியால் துடைத்து, வெயிலில் வையுங்கள். கிளோரின் பாவிப்பதென்றால் எச்சத்தைச் சுரண்டி எடுத்த பிறகு மரத்திலும் சீமெந்திலும் மட்டும். எச்சத்தின் மேல் ஊற்றினால் மருந்தும் வீண், எச்சத்தில் இருக்கிற அமோனியாவோடு சேர்ந்து எழும்புகிற புகை நெஞ்சை அடைக்கும்.

சுண்ணாம்பும் அப்படித்தான். சேறும் எச்சமும் கிடக்கிற இடத்தில் தூவினால் நெடி இன்னும் கூடும். வழித்த தரையில், கோலமாவு தூவுகிற அளவில், நீர்த்த சுண்ணாம்புத் தூள் போதும். ஈரக்கையால் அள்ளாதீர்கள், தோல் வெந்துபோகும். அதன்மேல் மண் மூடாமல் கோழியை விடவும் கூடாது.

பிறகு நிரப்புவது. உடைந்த செங்கல், கிறவல் கிடைத்தால் அடியில் போட்டுத் தட்டுங்கள். மேலே நாலு அங்குலம் ஆற்று மணல். கூட்டுக்குள்ளே அதற்கும் மேல் நாலு அங்குலம் உமி. மரக்காலையில் மரச்சீவல் கிடைத்தால் அதுவும் நல்லது. வைக்கோலை நான் நம்புவதில்லை. மாரி ஈரத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும், அந்தத் தூளை இழுத்தால் கோழிக்கு நெஞ்சில் நோய் வரும். ஆகக் கூடச் சேறாவது வாசலடி. நாங்கள் அங்கே பழைய பலகைத் தட்டு ஒன்றைப் போட்டிருக்கிறோம். தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்கு வெளியே, கோழியின் முதுகு உயரத்துக்குக் கல் அடுக்கி வையுங்கள். கீழே இருந்தால் கிளறிக் கவிழ்த்துவிடும்.

இனிப் படங்கு, அதுதான் தார்ப்பாய். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் மூடிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். கட்ட வேண்டியது வாடைக்காற்று வருகிற வடகிழக்குப் பக்கம் மட்டும், காற்றும் சாரலும் வருகிறது அங்கிருந்துதானே. எதிரே, கச்சான் காற்று வருகிற தென்மேற்குப் பக்கத்தைக் கம்பி வலையோடு திறந்து விடுங்கள், கீரி புகாமல் வலை மட்டும் உறுதியாக இருக்கட்டும். காலையில் கூட்டுக்குள் குந்தியிருந்து மோந்து பாருங்கள், கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில். நின்றுகொண்டு மோந்தால் ஒன்றும் தெரியாது. கண் எரிந்தால் உங்களுக்கு ஒரு நிமிசம், கோழிக்கு இரவு முழுக்க.

கிழமைக்கு ஒருமுறை உமியை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். மற்றதைத் தடியால் கிளறிவிட்டால் போதும். கோழியே பாதி கிளறிவிடும், இரண்டு பிடி குருணலை எறிந்து பாருங்கள்.

அள்ளியதைக் கிணற்றுப் பக்கம் குவிக்காதீர்கள். மாரியில் ஊற்று மேலேறி நிற்கும், வழிகிற சாறு நேரே குடிதண்ணீருக்குப் போகும். நாங்கள் வேலியோர மேட்டில், காய்ந்த சருகும் உமியும் ஒரு அடுக்கு, சேறும் எச்சமும் ஒரு அடுக்கு என்று போட்டுப் படங்கால் மூடுகிறோம். மூன்று மாதம் போனால் நாற்றமில்லாத கறுப்பு எரு. பொறுக்காமல் ஒருமுறை பச்சையாகவே கத்தரிக்குப் போட்டேன், நாலாம் நாள் இலை கருகிச் சுருண்டது.

உமியை மட்டும் மழைக்கு முன்னம் வாங்கி வையுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகம் வெட்டி முடிய மில்லில் மலையாகக் கிடக்கும். நவம்பரில் போனால் நனைந்த உமிதான் மிச்சம். உரப்பையில் ஆறு மூட்டை கட்டினால் எங்கள் கூட்டுக்குத் தை வரை காணும். வைக்க இடமில்லாமல் இந்த வருசம் இரண்டு மூட்டையை மாமியின் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருக்கிறேன். எலி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாவாம்.