நியூயார்க் சுரங்க ரயிலில் வழி தவறாமல் பயணிப்பது எப்படி?

நியூயார்க் சுரங்க ரயிலின் வரைபடத்தை முதன்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றுவது இயல்பு. சில ரயில்களுக்கு எண், சிலவற்றுக்கு எழுத்து. ஒரே நிறத்தில் மூன்று, நான்கு ரயில்கள். போதாக்குறைக்கு, மன்ஹாட்டனில் மட்டும் ‘23ஆம் தெரு’ என்ற பெயரில் ஐந்து நிலையங்கள். போட்டி போட்டுக்கொண்டு தனித்தனியாக வளர்ந்த மூன்று அமைப்புகளை 1940இல் நகராட்சி ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்ததன் எச்சமே இக்குழப்பத்தில் பெரும்பகுதி. ஆகவே கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் வழி தானாகப் பிடிபடும்.

1904 அக்டோபர் 27 அன்று ஐ.ஆர்.டி. என்னும் தனியார் நிறுவனம் சிட்டி ஹாலிலிருந்து பிராட்வே 145ஆம் தெரு வரை முதல் தடத்தைத் திறந்தது. பின்னர் புரூக்ளினில் வேரூன்றிய பி.எம்.டி. நிறுவனமும், 1932இல் நகராட்சியே தொடங்கிய ஐ.என்.டி.யும் களமிறங்கின. ஐ.ஆர்.டி. சுரங்கங்களில் ஓடும் பெட்டிகள் சுமார் 2.7 மீட்டர் அகலம். மற்ற இரண்டின் பெட்டிகள் சுமார் 3 மீட்டர். தண்டவாளங்களின் இடைவெளி ஒன்றே என்றாலும் அகலப் பெட்டி குறுகிய சுரங்கத்துக்குள் நுழையாது. அதனால்தான் இன்றும் எண்ணிட்ட ரயில்கள் பழைய ஐ.ஆர்.டி. தடங்களிலும், 42ஆம் தெருவில் குறுகிய தூரம் மட்டும் போய்வரும் ‘ஷட்டில்’ ரயிலைத் தவிர எழுத்திட்ட ரயில்கள் மற்ற தடங்களிலும் ஓடுகின்றன.

வழி கேட்கும்போது நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். மன்ஹாட்டனில் ரயில் எந்த அவென்யூவின் கீழ் ஓடுகிறது என்பதை மட்டுமே நிறம் காட்டும். 4, 5, 6 மூன்றும் லெக்சிங்டன் அவென்யூவின் கீழ் ஓடுவதால் பச்சை. நகரின் வடபகுதியான பிராங்க்ஸுக்குள் போனதும் மூன்றும் மூன்று திசைகளில் பிரிந்துவிடும். எண்ணையோ எழுத்தையோதான் கேட்க வேண்டும்.

அடுத்து, பணம் செலுத்துவதற்கு முன் வாயில் பலகையைப் படியுங்கள். பல சிறிய நிலையங்களில் வடக்கே செல்லும் அப்டவுன் நடைமேடைக்குச் சாலையின் ஒரு பக்கத்திலும், தெற்கே செல்லும் டவுன்டவுன் நடைமேடைக்கு எதிர்ப்பக்கத்திலும் படிக்கட்டு இருக்கும். உள்ளே இணைப்புப் பாதை இருக்காது. தவறான பக்கம் இறங்கினால், மேலேறிச் சாலையைக் கடந்து மறுபடியும் கட்டணம் செலுத்த நேரிடலாம்.

1948 வரை ஐந்து சென்ட்டாகவே இருந்த கட்டணம், அதை உயர்த்த அரசியல்வாதிகள் அஞ்சியதால், தனியார் நிறுவனங்களை நொடிக்கச் செய்தது என்பது தனிக்கதை. கட்டணமாகப் போட 1953இல் வந்த டோக்கன் என்னும் உலோக வில்லை 2003இல் விடைபெற்றது. இப்போது வங்கி அட்டையையோ கைபேசியையோ வாயிலில் தொட்டால் போதும். வாரக் கட்டண உச்சவரம்பின் சலுகை, அதாவது வாரத்தில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டியபின் கட்டணமில்லாப் பயணம், கிடைக்க, ஒவ்வொரு முறையும் அதே அட்டையையோ கைபேசியையோதான் தொட வேண்டும்.

முக்கியத் தடங்கள் பலவற்றில் நான்கு தண்டவாளப் பாதைகள் உள்ளன: நடு இரண்டில் எக்ஸ்பிரஸ், ஓர இரண்டில் லோக்கல். நிலையம் வரைபடத்தில் கறுப்புப் புள்ளியாக இருந்தால் எக்ஸ்பிரஸ் பொதுவாக அங்கே நிற்காது. 24 மணி நேரமும் ரயில் விட முடிவதற்கும் இந்த நான்கு பாதைகளே பெரிதும் உதவுகின்றன. இரண்டைப் பழுதுபார்க்கும்போது மற்ற இரண்டில் ரயில் ஓடும். ஆனால் அதற்கு விலையுண்டு: பகலில் எக்ஸ்பிரஸாக ஓடும் ஏ ரயில் நள்ளிரவில் லோக்கலாகிவிடும், பி ரயில் இரவில் ஓடவே ஓடாது. வார இறுதியில் பராமரிப்பு அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்புவது வீண் அலைச்சல்.

இரவில் நடைமேடையின் நடுப்பகுதியில், கறுப்பு வெள்ளைப் பட்டையிட்ட பலகை தொங்கும் இடத்துக்கருகே நில்லுங்கள். ரயில் நின்றதும் நடுப்பெட்டியின் சன்னலிலிருந்து கண்டக்டர் அப்பலகையை விரலால் சுட்டிக்காட்டுவார். எல்லாப் பெட்டிகளும் நடைமேடைக்குள் வந்துவிட்டன என்று தாமே உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பது விதி. அவர் அருகில் இருக்கும் பெட்டியில் ஏறுவது பாதுகாப்பு.

நேரமிருந்தால், டவுன்டவுன் செல்லும் 6 ரயிலில் கடைசி நிலையமான புரூக்ளின் பிரிட்ஜில் இறங்காமல் உட்கார்ந்திருங்கள். திரும்புவதற்காக ரயில் மெல்ல வளையும்போது, 1904இல் திறந்து 1945இல் மூடப்பட்ட பழைய சிட்டி ஹால் நிலையத்தின் ஓடு பதித்த வளைவுகள் சன்னலுக்கு வெளியே மங்கிய ஒளியில் கடந்து போகும்.