தட்டான், நீர்ப்பறவைப் படங்கள் எதனால் கெடுகின்றன?

தட்டானைக் கண்டதும் நின்ற இடத்திலிருந்தே, மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் பலர். விரிந்த இறக்கை அழகாகத்தான் தெரியும். ஆனால் பல இனங்களை மார்புப் பக்கத்துக் கோடுகளையும், ஆணின் வால் நுனியிலுள்ள பற்றுறுப்புகளையும் வைத்துத்தான் பிரித்தறிய முடியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால் நுனிக்கென்று ஒன்று, இந்த மூன்றும் இல்லாமல் நகராதீர்கள்.

பக்கவாட்டில் எடுக்கும்போது கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் கண் கூர்மையாகவும் வால் மங்கலாகவும் வரும். நெருங்க நெருங்க ஃபோகஸ் ஆழம் சில மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதுதான் காரணம். அதற்காக லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்கி வைத்தால் ஷட்டர் வேகம் விழும், படம் முழுவதுமே கூர்மை இழக்கும். எஃப் 8 அல்லது 11 போதும். உடலின் நீளவாக்கும் சென்சாரும் இணையாகும்வரை நீங்கள்தான் நகர வேண்டும். பெரும்பாலான ஊசித்தட்டான்கள் இறக்கையை முதுகின்மேல் மடித்து வைப்பதால் அவற்றில் இது சுலபம். ஆனால் அந்த மெல்லிய உடலை விட்டு ஆட்டோஃபோகஸ் பின்னாலிருக்கும் கோரைப்புல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். அதுவும் தடுமாறினால் மேனுவலில் வைத்து, உடம்பை மெல்ல முன்பின் அசைத்துக் கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள்.

பறந்துவிட்ட தட்டானைத் துரத்த வேண்டாம். குச்சி நுனியில் உட்காரும் இனங்கள் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாகக் காத்திருங்கள். இறக்கை ஈரப் பளபளப்போடு, நிறம் வெளுத்து இருந்தால் அது இப்போதுதான் தோலுரித்து வந்தது. கிளப்பிவிட்டால் மெத்தென்ற இறக்கை மடங்கி, மீளாமலே போகலாம். விலகியே எடுங்கள்.

பறவைகளில் அதிகம் கெடுவது கொக்கு. இருண்ட நீர்ப் பின்னணியைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட, இறகெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) வரை குறையுங்கள். கறுத்த நீர்க்காகம் வெளிச்சமான நீரில் இருந்தால் அதே அளவு கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலுக்குப் பயந்து ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) குறைத்தால் ஷட்டர் வேகம் விழுந்து கலங்கல்தான் மிஞ்சும். உச்சி வெயிலில் தூரத்துப் பறவை கூர்மையாக வராததற்கு லென்ஸைக் குறை சொல்லாதீர்கள், இடையில் கானல் அலைகிறது.

ஆள்காட்டிப் பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துகிறதா? கூடு பக்கத்தில் தரையிலேயே இருக்கலாம். பறவை விலகியிருக்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும், காகமும் கவனிக்கும். தரையைப் பார்த்தபடி வந்த வழியே உடனே திரும்பிவிடுங்கள்.