பிட்புல்லைத் துணை நாயாக வளர்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை

பிட்புல் வளர்ப்பவர்களிடம் இந்த நாயை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் காவலைப் பற்றிப் பேசுவதில்லை; மனிதர்களிடம் அது ஒட்டிக்கொள்ளும் விதத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். நாம் உட்கார்ந்தால் தன் எடையை மறந்து மடியில் ஏறப் பார்க்கும். நின்றால் காலோடு காலாகச் சாய்ந்துகொள்ளும். வீடு திரும்பினால் வாலை மட்டுமல்லாமல் இடுப்பிலிருந்து உடல் முழுவதையும் ஆட்டி வரவேற்கும். இந்தப் பாசம் உண்மையானது. அதே நாயின் உடல் வலிமையும், தொட்டதை விடாத பிடிவாதமும், பிற விலங்குகளைக் கண்டால் சில நேரங்களில் கிளர்ந்தெழும் வேகமும் அதே அளவுக்கு உண்மையானவை. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்பவரால் மட்டுமே இந்த நாயை நல்ல துணையாக வளர்க்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

பிட்புல் என்பது ஒரே இனத்தின் பெயர் அன்று என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர், அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்ட அமெரிக்கன் புல்லி ஆகியவற்றையும், இவற்றின் சாயல் கொண்ட எண்ணற்ற கலப்பின நாய்களையும் மக்கள் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். இவற்றுள் முதலாவதை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்புகளுள் ஒன்றான அமெரிக்காவின் யுனைடெட் கெனல் கிளப் 1898-இலேயே பதிவு செய்தது. ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியரைப் பிரிட்டனின் கெனல் கிளப் 1935-இலும், அதன் அமெரிக்க வகையான அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியரை அமெரிக்கன் கெனல் கிளப் 1936-இலும் ஏற்றுக்கொண்டன. உருவத்தை மட்டும் பார்த்து இது பிட்புல் என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறாக முடிகிறது. நாய்க் காப்பகப் பணியாளர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன இனத்தை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் பலமுறை முரண்பட்டன. ஆகவே காப்பகத்தில் ஒரு நாயின் கூண்டில் எழுதியிருக்கும் இனப்பெயரைவிட, அந்த நாய் உங்கள் முன்னிலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கே கூடுதல் மதிப்புக் கொடுங்கள்.

இந்த நாய்களின் குணத்தைப் புரிந்துகொள்ள அவற்றின் கடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். கட்டிப்போட்ட காளையின் மீது நாய்களை ஏவிவிடும் கொடூரக் கேளிக்கைக்காகப் பிரிட்டனில் புல்டாக் வகை நாய்கள் வளர்க்கப்பட்டன. 1835-இல் சட்டம் அதைத் தடை செய்தபின், சூதாட்டக்காரர்கள் ஒளிவுமறைவாக நடத்துவதற்கு எளிதான நாய்ச் சண்டையின் பக்கம் திரும்பினார்கள். புல்டாக்கின் வலிமையும் டெரியரின் சுறுசுறுப்பும் கலந்த நாய்கள் அதற்காக உருவாக்கப்பட்டன. சண்டைக்களத்தில் நாயைக் கையால் பிடித்துப் பிரிக்க வேண்டியிருந்ததால், மனிதரைக் கடிக்கும் நாய்களைத் தவிர்த்தார்கள் என்றும், அதனாலேயே இவை மனிதரிடம் இவ்வளவு இணக்கமாக இருக்கின்றன என்றும் வளர்ப்போர் மரபாகச் சொல்லி வருகிறார்கள். அதில் உண்மையின் கூறு இருக்கலாம்; ஆனால் அதை ஓர் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை ஒரு காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதி நாய்களாக வளர்க்கப்பட்டன என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கும் வரலாற்று ஆதாரம் இல்லை. மறுபுறம், கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்பதும் பொய்தான். அவற்றின் தாடையில் அப்படி எந்தப் பூட்டும் கிடையாது, பிடியை விடாத மன உறுதி மட்டுமே உண்டு.

இனம் எந்த அளவுக்குக் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு, 2022-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு பயனுள்ள விடையைத் தருகிறது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் அளித்த தகவல்களையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தவர்கள், தனித்தனி நாய்களுக்கிடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடிகிறது என்று கண்டார்கள். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்திலிருந்து மீட்கப்பட்ட சுமார் ஐம்பது பிட்புல் நாய்களின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. சண்டைக்காக வைத்திருந்த நாய்களை அப்படியே கொன்றுவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில், அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை புது வாழ்வு பெற்றன. பல வீட்டு நாய்களாயின. லியோ என்ற நாய் புற்றுநோயாளிகளைச் சந்தித்து ஆறுதல் தரும் சிகிச்சை நாயாகப் பணியாற்றியது. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லா நாய்களும் ஒரேமாதிரி தேறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சில நாய்களுக்கு வாழ்நாள் முழுவதும் காப்பகத்தின் தனிக் கவனிப்புத் தேவைப்பட்டது.

வாங்குவதற்கு முன்

சட்டத்தைப் பாருங்கள், மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். பிரிட்டன் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிட்புல் டெரியரைத் தடை செய்தது. 2024 பிப்ரவரி முதல், அமெரிக்கன் புல்லியின் பெரிய வகையான எக்ஸ்எல் புல்லி நாயை விலக்குச் சான்று இல்லாமல் வைத்திருப்பதும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். அமெரிக்காவின் டென்வர் நகரிலோ 1989 முதல் இருந்த தடையை 2020-இல் வாக்காளர்களே விலக்கி, அனுமதிச்சீட்டு முறைக்கு மாற்றினார்கள். இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் விதி மாறுவதால், உங்கள் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து வடிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலையும் எழுத்தில் பெற வேண்டும். வாய்ச் சொல்லை நம்பி நாயைக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு வீட்டுக்கும் நாய்க்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள் ஏராளம். காப்பகங்களில் இந்த நாய்கள் நிறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதன்முறையாக நாய் வளர்ப்பவருக்கு, குட்டியைவிடக் குணம் தெரிந்த வளர்ந்த நாயே ஏற்றது என்பேன். பிற நாய்களிடம் சகிப்பின்மை பொதுவாக ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் வெளிப்படும். குட்டியாக இருக்கும்போது எல்லாரோடும் விளையாடிய நாய் வளர்ந்தபின் மாறிவிடுவதுண்டு. அந்த வயதைக் கடந்த நாயை எடுத்தால், உங்களுக்குக் கிடைப்பது என்ன என்பது பெருமளவு தெரிந்துவிடும். குட்டியைத்தான் எடுப்பதென்றால் தாயையும், முடிந்தால் தந்தையையும் நேரில் பாருங்கள். அந்நியரைக் கண்டு பதுங்கும் அல்லது உறுமும் தாயின் குட்டியை, விலை குறைவு என்பதற்காகவோ நிறம் அழகு என்பதற்காகவோ வாங்க வேண்டாம். தலையின் அகலத்தையும் உடலின் பெருக்கத்தையும் விளம்பரப்படுத்தி விற்பவர்களை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். எடையைப் பொறுத்தவரை ஸ்டாஃபர்ட்ஷையர் புல் டெரியர் 11 முதல் 17 கிலோ வரையும், அமெரிக்கன் பிட்புல் டெரியர் ஏறத்தாழ 14 முதல் 27 கிலோ வரையும் இருக்கும். இதைவிட மிகவும் பெரிதாக இருப்பது சிறப்பின் அடையாளம் அன்று.

வீட்டுக்கு வந்த பிறகு

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை, அது உலகைப் பழகிக்கொள்ளும் முக்கியமான காலம். அந்த நாட்களில் பலவகை மனிதர்கள், ஒலிகள், தரைகள், வாகனங்கள் ஆகியவற்றை அது அச்சமின்றி, தின்பண்டத்தோடும் பாராட்டோடும் சந்திக்க வேண்டும். தடுப்பூசி முடியும்வரை பார்வோ வைரஸ் ஆபத்து இருப்பதால், அதுவரை குட்டியைக் கையில் தூக்கிச் சென்று காட்டுவதே நல்லது. வளர்ந்த நாயாக வந்தால், முதல் சில நாட்கள் விருந்தினர் கூட்டத்தைத் தவிர்த்து, அமைதியான ஒரு மூலையும் ஒழுங்கான நேர அட்டவணையும் கொடுங்கள். அதன் உண்மையான குணம் முழுவதும் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

பயிற்சிக்கு வெகுமதி முறையைத்தான் பரிந்துரைப்பேன். இந்த நாய்கள் தோற்றத்தில் முரட்டுத்தனமாக இருந்தாலும், மனிதரின் குரலையும் முகத்தையும் கூர்ந்து கவனித்து மனம் வாடக்கூடியவை. அடியும் முள் கழுத்துப்பட்டையும் அவற்றிடம் அச்சத்தை வளர்க்கும், அச்சம் கடியாக மாறும். உட்கார், காத்திரு, விடு, வா ஆகிய நான்கும் முதலில் பழக வேண்டியவை. அவற்றிலும் வாயில் உள்ளதை விடுவது பிட்புல்லுக்கு எல்லாவற்றையும்விட அவசியம்: ஒரு பொம்மையைக் கவ்வியிருக்கும்போது அதைவிடச் சுவையான தின்பண்டத்தைக் காட்டி, விட்ட மறுகணமே பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள், விடுவதால் இழப்பு இல்லை என்பதை அது நம்ப வேண்டும். மக்கள் மீது தாவி ஏறுவதையும் சிறுவயதிலேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து கிலோ குட்டியாக இருந்தபோது ரசித்த அந்தத் தாவல், இருபத்தைந்து கிலோ நாயாக வளர்ந்தபின் ஒரு முதியவரைக் கீழே தள்ளிவிடும்.

பிற நாய்கள் தொடர்பான விழிப்பே இந்த வளர்ப்பின் மையம் என்று நினைக்கிறேன், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பிட்புல் எந்த நாயோடும் சண்டையிட்டதில்லை என்றாலும், பொது இடத்தில் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட வேண்டாம். அறிமுகமில்லாத நாய்கள் அவிழ்ந்து திரியும் பூங்காக்களும் இந்த நாய்க்கு உகந்தவை அல்ல. சண்டையை உங்கள் நாய் தொடங்காமல் இருக்கலாம்; தொடங்கியபின் பிற நாய்கள் பின்வாங்கும் கட்டத்தில் இது பின்வாங்காமல் இருக்கக்கூடும், பழியும் யார் தொடங்கினாலும் இதன் மீதே விழும். பழக வேண்டுமென்றால், அமைதியான குணமுள்ள ஒரு நாயைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாய்களையும் சற்றுத் தள்ளி இணையாக நடத்தத் தொடங்கி, நாளடைவில் இடைவெளியைக் குறையுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் உணவைத் தனித்தனி அறையில் கொடுங்கள். எலும்பையும் விருப்பமான பொம்மையையும் பொதுவில் போட வேண்டாம். வெளியே செல்லும்போது, ஆண்டுக்கணக்கில் நட்பாக இருந்தாலும், இரண்டையும் பிரித்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். சண்டை மூண்டுவிட்டால் வாய்க்கு அருகில் கையைக் கொண்டுபோகாமல், நாற்காலி அல்லது பலகையை இடையில் நுழைத்தும் தண்ணீரை ஊற்றியும் பிரிக்கப் பாருங்கள். கவ்வியிருக்கும் நாயைப் பின்னால் இழுத்தால் காயம் பெரிதாகக் கிழியும்.

நன்கு மூச்சுவிடவும் நீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடியை, தேவை வருவதற்கு முன்பே தின்பண்டத்தின் துணையோடு பழக்கிவைப்பது அறிவுடைமை. மருத்துவரிடம் காட்டும்போதும் கூட்டத்தில் செல்லும்போதும் அது நாயைத்தான் முதலில் பாதுகாக்கிறது.

குழந்தைகள் உள்ள வீடுகளில் பல பிட்புல்கள் வியக்கத்தக்க பொறுமையோடு நடந்துகொள்கின்றன. ஆயினும் சிறு குழந்தையையும் நாயையும், அது எந்த இனமாயினும், பெரியவர் பார்வையின்றித் தனியே விடக் கூடாது. உடல் விறைத்தல், விழியின் வெண்மை தெரிய ஓரக்கண்ணால் பார்த்தல், பசியில்லாமல் உதட்டை நக்குதல், களைப்பின்றிக் கொட்டாவி விடுதல் ஆகியவை நாய் சங்கடப்படுவதன் அறிகுறிகள். அப்போது குழந்தையை மெல்ல அகற்றுங்கள். உறுமியதற்காக நாயைத் தண்டிக்கவே கூடாது, ஏனெனில் உறுமலை இழந்த நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நடையும் விளையாட்டும் தேவை. அதோடு மூளைக்கும் வேலை கொடுங்கள். ஒளித்துவைத்த உணவை முகர்ந்து தேடச் செய்வது நெடுநேர ஓட்டத்துக்கு நிகரான களைப்பைத் தரும். மென்மையான பொம்மைகள் சில நிமிடங்களில் துண்டாகி வயிற்றுக்குள் போய்விடும் என்பதால், கெட்டியான ரப்பர் பொம்மைகளையே வாங்குங்கள். தனிமை இவற்றுக்கு எளிதில் பழகுவதில்லை. சில நிமிடங்களில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தனித்திருக்கப் பழக்காவிட்டால், கதவும் மெத்தையும் தப்பாது. நாள் முழுவதும் முற்றத்தில் சங்கிலியில் கட்டிவைப்பவருக்கு இந்த நாய் வேண்டவே வேண்டாம்.

குட்டையான ஒற்றை அடுக்கு ரோமம் என்பதால் சீவும் வேலை குறைவு. குளிரும் கடும் வெயிலும் மட்டும் எளிதில் தாக்கும், வெண்ணிறத் தோல் வெயிலில் புண்ணாகும். இவற்றிடம் அதிகம் காணப்படும் தொல்லை தோல் ஒவ்வாமை. பாதத்தை ஓயாமல் நக்குவது, வயிறு சிவப்பது, காதில் திரும்பத் திரும்ப நாற்றம் வருவது ஆகியவற்றைக் கண்டால் வீட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். குட்டிகளுக்கு டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் சொறி வரலாம், அது குணப்படுத்தக்கூடியது. இடுப்பு மூட்டுக் குறைபாடும் முழங்கால் தசைநார் கிழிதலும் உடல் பருத்த நாய்களுக்குக் கூடுதலாக வருவதால், விலா எலும்புகள் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு எடையை வைத்திருங்கள். அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியரில், சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும் ஒரு பரம்பரை நோய் பெரும்பாலும் 3 முதல் 5 வயதுக்குள் வெளிப்படுகிறது. அதற்கான மரபணுச் சோதனை இருப்பதால், குட்டி விற்பவரிடம் பெற்றோரின் சோதனை முடிவைக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இந்த நாய் வலியை வெளிக்காட்டாமல் தாங்கிக்கொள்வதில் பெயர் பெற்றது. அதனால், இதுவரை சாந்தமாக இருந்த நாய் திடீரெனச் சிடுசிடுத்தால், தொட்டதும் விலகினால், அதைக் கெட்ட குணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல், காது, மூட்டு ஆகியவற்றை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் கோளாறு எதுவும் இல்லையென்று தெரிந்தபின், அடிக்காமல் கற்பிக்கும் நடத்தைப் பயிற்சியாளரின் உதவியை நாடுங்கள். அதுவரை விருந்தினரையும் குழந்தைகளையும் அதனிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள்.