வம்சாவளி தேடும்போது தடம் மாறும் இடங்கள்

கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். குழப்பம் தொடங்குவதே அங்கேதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ‘சுப்பையா மகன் முத்தையா’, ‘முத்தையா மகன் சுப்பையா’ என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பழைய பத்திரத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நம் ஆள் என்று எழுதிக்கொண்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும், அல்லது பங்காளி வீட்டுக்காரர் நம் வம்சத்தில் நுழைந்துவிடுவார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஆண்டு நான்கும் பொருந்தும்வரை பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் உறவுமுறையை அப்படியே குறித்துக்கொள்வதும் தவறு. பெரியப்பா என்பவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனாக இருக்கலாம், ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம், பெரியம்மாவின் கணவராகவும் இருக்கலாம். “அவரைப் பெத்தவங்க யாரு?” என்று கேளுங்கள். அப்பா பெயரோடு நிறுத்தாமல் அம்மா பெயரையும் வாங்குங்கள். இரண்டு தாரம் இருந்த வீட்டில் அது இல்லாமல் பிள்ளைகளைப் பிரிக்கவே முடியாது. அக்காள் மகளை மணந்த குடும்பத்தில் ஒரே பெண் பேத்தியாகவும் மருமகளாகவும் இரண்டு இடத்தில் வருவார். ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் ஒருவரை இருவராக எழுத மாட்டீர்கள்.

ஆண்டுக் கணக்கிலும் பலர் சறுக்குகிறார்கள். ஜாதகத்தில் ‘பிங்கள வருடம்’ என்றிருந்தால் அது 1917இலும் தொடங்கியிருக்கலாம், 1977இலும் தொடங்கியிருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி எண், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

இனி பத்திரங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். உங்கள் ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். பழைய பதிவு அங்கேயே இருக்கக்கூடும். இன்றைய சர்வே எண்ணை மட்டும் கொடுத்தாலும் பழைய பத்திரம் அகப்படாது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் (ஊர் நிலங்களின் பதிவேடு) பழைய சர்வே எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தபின் நகல் மனுப் போடலாம். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள்: அண்ணன் தம்பிகள் எல்லாரும் தகப்பனார் பெயர், வயது, இருப்பிடத்தோடு அதில் இருப்பார்கள். வயது மட்டும் உத்தேசமானது. ஐந்தாறு ஆண்டு முன்பின் இருக்கும்.

அந்தப் பத்திரத்தை முழுக் குடும்பம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆகப் பெரிய தவறு. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தமிழ்நாட்டில் மகளுக்கு 1989 திருத்தத்தில்தான் வந்தது, அதுவும் அதற்குமுன் மணமானவர்களுக்கு 2005 வரை இல்லை. ஆகவே நான்கு மகன்கள் கையெழுத்திட்ட பழைய பத்திரத்தில் மூன்று மகள்கள் சுவடில்லாமல் போயிருக்கலாம். தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் பாதி இப்படித்தான் தொலைகிறது. அந்தப் பெண்களைக் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு இவற்றில் தேடுங்கள். மொய் நோட்டில் ஊர் பெயரும் ஆள் பெயரும் சேர்ந்தே இருக்கும். தாய்மாமன் சீரும் சம்பந்தி வீட்டு மொய்யும் எந்த ஊரிலிருந்து வந்தன என்று பார்த்தால், எந்தப் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்று பிடித்துவிடலாம். அந்த ஊரில் உயிரோடிருக்கும் மூத்த அத்தையைக் கண்டுபிடித்து, பத்திரங்களோடு முதலில் அவரிடம் போங்கள்.