பிரெய்ல் பலகை கதவில் வேண்டாம், சுவரில் மாட்டுங்கள்

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லில் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? ரொம்ப நல்லது. ஆனால் அதைக் கதவில் ஒட்டிவிடாதீர்கள். ஒருவர் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது சட்டெனக் கதவைத் திறந்தால் முகத்தில்தான் அடி விழும். கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து 4 முதல் 5 அடி உயரத்துக்குள் மாட்டுங்கள். எல்லா அறைக்கும் அதே இடம் என்றால் கை தேடி அலைய வேண்டியதில்லை. மேலே கண்ணாடியோ லேமினேஷனோ கூடவே கூடாது. புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்படாது.

தமிழுக்கும் பிரெய்ல் உண்டு, ஆங்கிலத்தோடு நிறுத்தாதீர்கள். மாட்டும் முன் பிரெய்ல் தெரிந்தவரிடம் ஒருமுறை தடவிப் பார்க்கக் கொடுங்கள். தலைகீழாக ஒட்டிய பலகையை நானே பார்த்திருக்கிறேன்.

பார்வை மங்கியவர்களுக்குப் பளபளக்கும் ஸ்டீல் பலகை கண்ணைக் கூசும். பளபளப்பில்லாத அடர்நீலத்தில் பெரிய வெள்ளை எழுத்து போதும்.