ஃபோம் போர்டில் முதல் ஆர்சி விமானம்: கட்டுவதிலிருந்து பறக்கவிடுவது வரை

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காத்தாடி மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிர்களைக் குடித்ததால் தடை வந்தது, வரவேண்டிய தடைதான். ஆனால் அண்ணாந்து பார்த்தே பழகிய கண்கள் இன்னும் இங்கே நிறைய இருக்கின்றன. ரேடியோ கன்ட்ரோல் விமானம், சுருக்கமாக ஆர்சி, அந்தக் கண்களுக்கு நல்ல வேலை கொடுக்கும்.

தொடங்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதல் விமானத்தைக் கடையில் வாங்காதீர்கள், நீங்களே கட்டுங்கள். முதல் விமானம் கட்டாயம் விழும். கையால் வெட்டி ஒட்டியது விழுந்தால் எந்த மூட்டு விட்டது, எதைத் திருப்பி ஒட்டவேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அன்று மாலையே அது திரும்பவும் தயாராகிவிடும்.

வாங்க வேண்டியவை

பெரிய செலவு ரேடியோ, அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்கும் கருவி. ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 என்ற ஆறு சேனல் (ஆறு தனித்தனிக் கட்டளை அனுப்பும்) ரேடியோ புதியவர்களுக்குப் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும், பெரும்பாலும் விமானத்துக்குள் வைக்கும் ரிசீவரோடு சேர்ந்தே விற்கிறார்கள். 'மோட் 2' என்று கேட்டு வாங்குங்கள். அதில் திராட்டில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, இடது குச்சியில் இருக்கும்.

அப்புறம் 2212 அளவில் 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இஎஸ்சி, வாலை அசைக்கும் குட்டி மோட்டாரான 9 கிராம் சர்வோ இரண்டு, 3 செல் 1500 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர். 10க்கு 4.5 அங்குல ப்ரொப்பெல்லர் குறைந்தது மூன்று நான்கு வேண்டும், ஏனென்றால் முதலில் உடைவது அதுதான். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும்.

ஒயர், கனெக்டர், சால்டரிங் சாமான்களுக்கு ரிச்சி தெரு. 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை (இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் அட்டை) பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், காகிதம், ஸ்டேஷனரி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே எடை குறைந்ததை எடுங்கள். ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ. ஃபெவிக்விக் மாதிரிப் பசைகள் உள்ளே இருக்கும் ஃபோமைத் தின்றுவிடும்.

இறக்கை

உடம்பின் மேலே உட்காரும் ஒற்றை இறக்கை. நீளம் 100 செ.மீ., அகலம் 18 செ.மீ. இரண்டு பாதியாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் 50 செ.மீ. நீளம், 37 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் மடித்தால் முன்விளிம்பு கிடைக்கும். மடிக்கும் கோட்டில் உள்பக்கத் தாளை மட்டும் கீறி, ஃபோமை விரலால் அழுத்திப் பள்ளமாக்குங்கள். வெளித்தாள் அறுபடக் கூடாது. மடிப்பதற்கு முன், முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, போர்டு பட்டைகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நீளவாக்கில் ஒட்டுங்கள். இறக்கையின் முதுகெலும்பு அதுதான், மேல்பக்கத்து வளைவும் அதனால்தான் வரும்.

இரண்டு பாதிகளை ஒட்டும்போது ஒரு பாதியை மேஜையில் படுக்கவைத்து, மற்றதன் நுனியை 10 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்கள் மேல் வையுங்கள். ஆங்கில 'வி' எழுத்தை நன்றாக விரித்த மாதிரி ஒரு வளைவு வரும். விமானம் ஒருபக்கம் சாய்ந்தால் தானாக நிமிர்வது இதனால்தான், ஆகவே இதைக் குறைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் போர்டின் தாள் சீக்கிரம் உரிந்துவிடும். முன்விளிம்பிலும் நடு மூட்டிலும் பேக்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

உடம்பும் வாலும்

உடம்பு 72 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் ஒரு பெட்டி. படுக்கை வால் 36க்கு 10 செ.மீ., நிமிர்ந்த வால் 15 செ.மீ. உயரம். மோட்டாரை மெல்லிய பிளைவுட் துண்டில் பொருத்தி, உடம்பின் முன்பக்கத்தில் ஒட்டும்போது இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கமும் கீழ்நோக்கியும் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் மோட்டாரின் முறுக்கு விமானத்தை இடப்பக்கம் இழுக்கும்.

அசையும் பகுதிகளின் கீல்தான் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. படுக்கை வாலின் பின்பக்கம் 3 செ.மீ. எலிவேட்டர், மூக்கை ஏற்றி இறக்குவது இது. கத்தியால் மேல்தாளையும் ஃபோமையும் மட்டும் வெட்டி, கீழ்த்தாளை விட்டுவிடுங்கள். பிறகு வெட்டிய விளிம்பை 45 டிகிரிக்குச் சீவினால் எலிவேட்டர் மேலேயும் எழும்பும். புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கொத்திக் கொத்திப் பிய்க்கும். நிமிர்ந்த வாலில் விமானத்தைத் திருப்பும் ரட்டருக்கும் இதே முறை.

எலிவேட்டரிலும் ரட்டரிலும் ஒட்டி, இழுக்கும் கம்பியை மாட்டும் துண்டுதான் கன்ட்ரோல் ஹார்ன். காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டினால் அது அருமையாக வரும். சர்வோவிலிருந்து வாலுக்கு 1.2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. இறக்கையை உடம்போடு பசைபோட்டு ஒட்டாதீர்கள். உடம்பின் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மோதும்போது இறக்கை கழன்று போகும், உடையாது.

ரிசீவரில் எலிவேட்டர் 2ஆம் சேனல், இஎஸ்சி 3ஆம் சேனல். ரட்டரை 1ஆம் சேனலில் செருகுங்கள். அப்போதுதான் வலது குச்சியிலேயே திருப்ப முடியும். மோட்டார் ஓடும் எந்தச் சோதனையையும் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் செய்யவேண்டும். விரல் போகும் சமாசாரம் இது. முதலில் ரேடியோவை ஆன் செய்து, பிறகே பேட்டரியை இணையுங்கள். அணைக்கும்போது பேட்டரி முதலில். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபும் வைத்துவிடுங்கள்.

சமநிலை

காத்தாடிக்குச் சூத்திரம், அதாவது நூலை இணைக்கும் முடிச்சு, கட்டிய கைக்கு இது உடனே புரியும்: முடிச்சு அரை அங்குலம் இடம் மாறினாலே காத்தாடி குட்டிக்கரணம் போடும். விமானத்தின் சூத்திரம் அதன் எடை மையம். இறக்கையின் அகலத்தில் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய இடம், அதாவது நம் இறக்கையில் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. அங்கே இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, பேட்டரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு விரல் நுனியில் தூக்குங்கள். மூக்கு இம்மியளவு கீழே சாய்ந்து நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மூக்கில் எடை சேருங்கள், பரவாயில்லை. மொத்த எடை 600 கிராமுக்குள் இருந்தால் மெதுவாகப் பறக்கும், நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

எங்கே, எப்போது

மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். கரண்டுக் கம்பி, கேபிள், கீழே தெருவில் குழந்தைகள். துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையப் பகுதிகளை நினைத்தும் பார்க்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகள் ஆர்சி விமானத்துக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். போகும் இடத்தை அதில் பார்த்துவிட்டு, செங்குன்றம், மீஞ்சூர் தாண்டி, நில உரிமையாளரிடம் கேட்டு, ஆளில்லாத வெட்டவெளிக்குப் போங்கள்.

நேரம் விடியற்காலை. வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பிவிடும். காத்தாடிக்கு அந்தக் காற்று வேண்டும், பழகாத கைக்கு வேண்டாம். இலை அசையாத ஆறு மணிதான் உங்கள் நேரம்.

முதல் பறப்பு

அதற்கு முந்தைய வாரங்களில் பிகாசிம் போன்ற சிமுலேட்டரில், அதாவது திரையில் விமானம் ஓட்டிப் பழகும் செயலியில், பழகுங்கள். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். எல்லோரையும் கவிழ்ப்பது இதுதான். அப்படி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

களத்தில் முதலில் மோட்டார் இல்லாமல், புல்தரைமேல், காற்றுக்கு எதிராக, தோள் உயரத்திலிருந்து நேராக எறியுங்கள். மேல்நோக்கி எறியாதீர்கள். மூக்குக் குத்தினால் பேட்டரி சற்றுப் பின்னால். மூக்கைத் தூக்கி நின்றுபோய் விழுந்தால் முன்னால். வழுக்கிக்கொண்டு போய் இறங்கும்வரை இதையே செய்யுங்கள். இங்கே பொறுமையாக இருந்தவர்களுக்குப் பறப்பது எளிதாகிவிடும்.

சரி, இப்போது முக்கால் திராட்டில் வைத்து, நண்பரை எறியச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு கையும் ரேடியோவில் இருக்கட்டும். ஒரு பனைமர உயரத்துக்கு மேலே ஏறும்வரை திருப்பாதீர்கள். பிறகு திராட்டிலைப் பாதியாக்கி, பெரிய பெரிய வட்டமாக. குச்சியைக் கொஞ்சம் அசைத்துவிட்டு விடுங்கள், மீதியை இறக்கை வளைவு பார்த்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் காற்றுக்கு எதிராகத் திருப்பி, திராட்டிலை மெல்லக் குறைத்து, தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது எலிவேட்டரை லேசாக இழுத்து இறக்குங்கள்.

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும், 10.5க்குக் கீழே இறங்க விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். 1.5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் எந்தப் பேட்டரியையும் வைக்காதீர்கள்.