ஜோஸ் நீலத்தின் மேல் கை வைப்பதற்கு முன்

இத்தாலியின் டஸ்கனியில், கையோலே இன் கியான்தி என்ற ஊரில் 1997-இலிருந்து ‘லெரோய்கா’ என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும். கியர் மாற்றும் பிடி ஃபிரேமின் சாய்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து வர வேண்டும். இந்த விதிகளால் எழுபதுகளின் சைக்கிள்களுக்கு மறுபடியும் கிராக்கி. வாங்கிக் கெடுப்பவர்களும் கூடவே பெருகிவிட்டார்கள். டயரில் காற்று பார்ப்பது, செயினுக்கு எண்ணெய் விடுவது போன்றவற்றை நான் சொல்லப்போவதில்லை. அவை மறந்தாலும் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். பின்னால் வருந்த வைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிறத்தையும் ஸ்டிக்கரையும் நம்புவது

ஆரஞ்சு நிறச் சைக்கிளைக் காட்டி, “மோல்தேனி அணியில் மெர்க்ஸ் ஓட்டியது” என்று விற்பவர் பேச்சைத் தொடங்கினால் பணப்பையை உள்ளே வைத்துவிடுங்கள். பெல்ஜிய வீரர் மெர்க்ஸ் ஓட்டிய அந்த அணியின் ஆரஞ்சு நிறத்திலேயே கடைகளுக்கும் சைக்கிள்கள் போயின. ஸ்டிக்கரும் சாட்சி ஆகாது. 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்த சைக்கிளைக் கட்டியவர் இத்தாலியரான எர்னெஸ்தோ கொல்னாகோ. அதில் ஒட்டியிருந்ததோ வின்ட்சர் என்ற மெக்சிகோ நிறுவனத்தின் பெயர்.

புது வண்ணம் அடிப்பது

இத்தாலியின் தூரின் நகரத்து ஜோஸ் பட்டறை கட்டிய நீலச் சைக்கிள்களைத்தான் 1973 முதல் 1977 வரை புரூக்ளின் அணி ஓட்டியது. புரூக்ளின் என்பது பெர்ஃபெட்டி நிறுவனத்தின் சூயிங்கம். நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு ஆல்பென்லீபே மிட்டாய் வருவதும் அந்த நிறுவனத்திடமிருந்துதான். அந்த அணிக்காக ரோஜர் தெ விளாமிங்க் 1974, 1975, 1977 ஆகிய ஆண்டுகளில் கற்கள் பாவிய பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அந்த நீலமே ஜோஸின் அடையாளம் ஆகிவிட்டது.

அப்படி ஒரு ஃபிரேமை ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்தார். வாங்கும்போது கீறலும் துருப்புள்ளிகளும் இருந்தனவாம். புதியது போல ஆக்க வேண்டும் என்று, இரும்புக் கதவுக்கும் கேட்டுக்கும் பவுடர் கோட்டிங் செய்யும் இடத்தில் கொடுத்திருக்கிறார். அவர்கள் மணல் பீய்ச்சிச் சுரண்டி, பூசி, அடுப்பில் சுட்டுத் தந்துவிட்டார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் குழாய்கள் சேரும் லக்குகளின் ஓரத்தை அந்தக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவிக் கூர்மையாக்கியிருப்பார். அது முழுவதும் பூச்சுக்குள் மழுங்கி, மெழுகு வழிந்து உறைந்தது போலக் கிடந்தது. குரோம் பூசிய ஃபோர்க் நுனியும் நீலத்துக்குள் போய்விட்டது. அதுவும் வண்ண அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஏதோ ஒரு நீலம். பெடல் அச்சு சுழலும் பிராக்கெட் கூட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினேன். மரையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பழைய வண்ணம் மிஞ்சியிருந்தது. புதியது அதை ஒட்டியே இருந்தது. இரண்டும் வேறு என்று சொல்ல நிபுணர் தேவைப்படவில்லை.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், இதைச் செய்பவர்கள் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள் என்பதுதான். அக்காலப் பந்தய ஃபிரேம்களுக்குப் பயன்பட்ட கொலம்பஸ் எஸ்.எல். எஃகுக் குழாயின் நடுப்பகுதியில் சுவர் 0.6 மி.மீ. மட்டுமே. மணல் பீய்ச்சும் ஆளுக்கு அது கேட் கம்பி இல்லை என்று யார் சொல்வது? நிறத்தைத் திரும்பப் பிடிப்பதும் லேசில்லை. பியாங்கி என்ற இத்தாலிய சைக்கிள் நிறுவனத்தின் செலெஸ்தே என்னும் வெளிர் நீலப்பச்சை நிறம் ஒரு காலத்தில் பச்சைப் பக்கமும் இன்னொரு காலத்தில் நீலப் பக்கமும் சாய்ந்திருக்கிறது. எந்த ஆண்டின் செலெஸ்தே என்று தெரியாமல் கலக்கினால், பியாங்கியில் ஓட்டிய இத்தாலிய வீரர் கோப்பி 1949-இல் பிரான்ஸ் சுற்றையும் இத்தாலி சுற்றையும் வென்ற காலத்துச் சைக்கிளுக்கு நேற்றைய நிறம் வந்து சேரும்.

பழைய ஃபிரேமைத் துடைக்க மென்மையான சோப்பு நீரும் பழைய பருத்தித் துணியும் போதும். அந்தக் கால ஸ்டிக்கர்களில் பலவற்றின் மேல் வார்னிஷ் கிடையாது. தின்னர் பட்டால் எழுத்து துணியோடு வந்துவிடும். எதைக் கொண்டு தேய்ப்பதானாலும் பிராக்கெட்டின் அடியில் முதலில் சோதியுங்கள். துருப்புள்ளியை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் மட்டும் வண்ணம் தொட்டு, மேலே மெழுகு பூசுங்கள். முன்பே யாரோ சுரண்டி வேறு நிறம் அடித்த ஃபிரேம் என்றால் தாராளமாகப் புது வண்ணம் அடிக்கலாம். அப்போதும் கேட் கடைக்குப் போகாதீர்கள்.

பிராக்கெட் கப்பை எதிர்ப்பக்கம் திருகுவது

கப் என்பது பெடல் அச்சின் பேரிங்கைத் தாங்கி, கூட்டின் மரையில் திருகப்படும் வளையம். இத்தாலியக் கூட்டின் அகலம் 70 மி.மீ., மரை 36 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை, அதாவது வலப்பக்கம் திருகினால் இறுகும். ஆங்கில அளவில் செயின் பக்கம் இடது மரை. அந்தப் பழக்கத்தில் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போகிறார்கள். கம்பி நீட்டிய ஸ்பேனர் வேறு. ஆங்கிலக் கூட்டில் மரை போனால் இத்தாலிய அளவுக்குப் பெரிதாக வெட்டித் தப்பிக்கலாம். இத்தாலியக் கூட்டில் போனால் அதற்கு மேல் வெட்ட வழக்கமான அளவே இல்லை.

கிராங்க்

பெடலைத் தாங்கும் இந்தக் கையில், பற்சக்கரத்தைப் பிடிக்கும் கரங்கள் பிரியும் மூலையில் மயிரிழை விரிசல் இருந்தால் மாட்டாதீர்கள். பேர்பெற்ற கம்பாஞ்ஞோலோ நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும்தான்.

டியூப்ளர் டயர்

இந்த டயர் ரிம்மில் பசையால் ஒட்டப்படுவது. பழைய பசையை நம்பி இறக்கத்தில் இறங்காதீர்கள். பிரித்துப் புதிதாக ஒட்டுங்கள்.